பொம்மைக்குக் கட்டிய துப்பட்டா

தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஆடி வெள்ளி என்றால் விடிந்ததுமே ஒலிபெருக்கி முழங்க ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் அம்மன் பாட்டு, இன்னொரு பக்கம் தள்ளுபடிக் கடைக்காரர்களின் கூப்பாடு. நடுவில் புகுந்து போகிற ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பை நிறைய வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று படுத்துக்கொள்வார்கள்.

ஹனீஃபா சாரீஸ் வாசலில் மட்டும் அன்றைக்குக் கூட்டமில்லை. போகிறவர்கள் நடையைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, பக்கத்தில் வருபவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஷாயிஸ்தாவுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

"இங்கதான்."

நடுவில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையை ஆரம்பித்தவர் ஹனீஃபா. அவருக்குத் துணிக்கடை பொம்மைகளுக்கு முகம் இருப்பது பிடிக்காது. உருவம் இருக்கிற இடத்துக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று, அவர் காலத்தில் தலையில்லாத பொம்மைகளாகவே வாங்கிப் போட்டிருந்தார். மகன் இர்ஃபான் கடையைப் புதுப்பித்தபோது, மூடிப்போன ஒரு கடையிலிருந்து கண்ணும் மூக்குமாகப் பொம்மைகளை மொத்தமாக வாங்கி வந்து நிறுத்திவிட்டான். அப்பனும் மகனும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக ஷட்டரைப் பாதி இறக்கியதும், பொம்மைகளின் முகத்தில் வெள்ளைத் துணி கட்டிவிட வேண்டும். தொழுகை முடிந்து கடை திறக்கும்போது அவிழ்த்துக்கொள்ளலாம். உடன்பாடு செய்தது ஆண்கள். கட்டுகிற வேலை வந்து விழுந்தது மருமகள் ஷாயிஸ்தாவின் தலையில்.

அந்தப் பொம்மைகளில் ஒன்று, படிக்கட்டின் கீழே நிற்கும். அதன் எதிரில் தினமும் வந்து நின்றவர் சிட்லபாக்கம் வேதசிரோமணி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மனைவி ரத்தினபாயைப் பறிகொடுத்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் யூகலிப்டஸ் தைலம். யாரையும் தொந்தரவு செய்யமாட்டார். பொம்மையைப் பார்த்து, "ரத்தினம், கிளம்பலாமா?" என்பார். பிறகு போய்விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை கடை திறந்தும் அவிழ்க்காமல் அதன் முகத்தில் துணி கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். "மூச்சு முட்டுது அவளுக்கு, எடுங்க!" என்று கத்தி, துணியைப் பிய்த்து, வாடிக்கையாளர்கள் மிரண்டு ஓட, அன்றோடு அவர் இனிமேல் கடைக்குள் வரக்கூடாதென்று இர்ஃபான் தடை போட்டான். கேமராவில் பதிந்த அவர் படம் பில் கவுண்டரில் ஒட்டப்பட்டது. 'இவரை உள்ளே அனுமதிக்க வேண்டாம்.'

ஆனால் ஆடி பிறந்த முதல் வெள்ளியன்று, பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து அவர் உள்ளே வந்துவிட்டார்.

அன்று தொழுகைக்குக் கிளம்பத் தாமதமாகி மாடியில் இருந்த இர்ஃபான், ஷாயிஸ்தாவின் அலறல் கேட்டு ஓடிவந்து பார்த்தது இதைத்தான்: மனைவி துப்பட்டா இல்லாமல் நிற்கிறாள், கிழவர் கையில் அவள் துப்பட்டா. பாய்ந்து வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். படிக்கட்டின் கிரானைட் முனையில் அவர் பின்மண்டை இடித்தது. அன்று மூடிய கண்ணை அவர் இன்னும் திறக்கவில்லை.

இரண்டு வழக்குகள். கடைக்குள் அத்துமீறி நுழைந்து ஒரு பெண்ணை மானபங்கம் செய்ய முயன்றதாக அவர்மேல் ஒன்று. முதியவருக்குக் கொடுங்காயம் உண்டாக்கியதாக இர்ஃபான்மேல் ஒன்று. இர்ஃபான் புழல் வரை போய், ஜாமீனில் வந்து, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். நடந்ததைக் காட்ட வேண்டிய கேமராவுக்கு எதிரே ஆடித் தள்ளுபடி பேனர் தொங்கியதால் அது பேனரின் முதுகைத்தான் படம் பிடித்திருந்தது.

ஊருக்குத் தெரியாத ஒன்று ஷாயிஸ்தாவுக்குத் தெரியும். அன்று வெள்ளைத் துணிகள் சலவைக்குப் போய் ஒன்று குறைந்திருந்தது. கீழே யாருமில்லைதானே என்று, தன் துப்பட்டாவையே கழற்றி அந்தப் பொம்மையின் முகத்தில் கட்டியிருந்தாள். கிழவர் அவிழ்த்தது பொம்மை முகத்திலிருந்து. அவளை அவர் தொடவே இல்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறுந்தலையோடு இருக்கையில் அந்நிய ஆண் வந்துவிட்டாரே என்ற பதற்றத்தில்தான் அவள் அலறினாள். அதற்குப் பிறகு ரத்தம், கூட்டம், போலீஸ். வக்கீல் காரிலேயே எழுதிக் கொண்டுவந்த புகாரில் கையெழுத்துப் போட்டாள். மறுப்பதற்கு அவளுக்கு அன்று வாய் வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் மறுப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இன்று கடைசி ஆடி வெள்ளி. தள்ளிப் போய்க்கொண்டே இருந்த வாக்குமூலத்துக்கு இன்று பிற்பகல் மாஜிஸ்திரேட் வரச்சொல்லியிருந்தார்.

*

ஸ்டேஷனிலிருந்து இர்ஃபான் திரும்பும்போது வக்கீல் பிரிட்டோவையும் கூடவே அழைத்து வந்தான். பிரிட்டோ நல்ல மனிதர்தான். ஆனால் எந்த வீட்டுத் துக்கத்திலும் டீயும் பிஸ்கெட்டும் வருகிற திசையைப் பார்த்து உட்காருவார்.

"பாருங்க சிஸ்டர், இன்னிக்கு நீங்க உள்ள தனியா போவீங்க. நானோ இர்ஃபானோ வர முடியாது. மாஜிஸ்திரேட் மேடம் கேப்பாங்க. நீங்க சொல்ல வேண்டியது இதுதான். துப்பட்டாவப் புடிச்சு இழுத்தாரு, நான் கத்தினேன், வீட்டுக்காரர் ஓடி வந்தாரு. அவ்ளோதான். ஒரு வார்த்த கூடவும் வேணாம், ஒரு வார்த்த கொறையவும் வேணாம்."

"அவருக்கு ஏதாவது ஆயிட்டா சார்?" என்றான் இர்ஃபான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"ஆயிட்டா கேஸ் வேற மாதிரி திரும்பும். கொலன்னு வந்துரும். அப்ப நம்ம கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். மனைவியைக் காப்பாத்தறதுக்காகத் தள்ளினேன். தற்காப்பு." பிஸ்கெட்டை டீயில் முக்கினார். "அதனாலதான் சிஸ்டர் சொல்றது முக்கியம். அங்க போய் மாத்திச் சொன்னா, இவரும் உள்ள போவாரு, பொய்ப் புகார்னு உங்க மேலயும் திரும்பும்."

ஷாயிஸ்தா தலையாட்டினாள்.

"இன்னொண்ணு இர்ஃபான். அந்தப் பக்கத்துலேர்ந்து யார் போன் பண்ணாலும் ஸ்பீக்கர்ல போடுங்க. ரெக்கார்ட் பண்ணுங்க. மெரட்டுவாங்க."

அவர் போனதும் இர்ஃபான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பயப்படாத. நான் பண்ணதுல எனக்குத் துளி வருத்தமில்ல. உன்மேல ஒருத்தன் கை வெச்சா நான் வேற என்ன பண்ணுவேன், சொல்லு?"

அவன் அதை அத்தனை அன்போடு சொன்னான். இவனிடம் எப்படிச் சொல்வது? தன் மானத்துக்காகச் சிறைக்குப் போய் வந்ததாக நம்புகிற மனிதனிடம், அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

*

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஹனீஃபாவும் இர்ஃபானும் கிளம்பினார்கள். ஹனீஃபா வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "கட்டிடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேலை செய்யும் பெண்கள் மேலே சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஷட்டருக்குக் கீழே வெயில் ஒரு கோடு மாதிரி தரையில் கிடந்தது. மற்ற இடமெல்லாம் மங்கல். ஏசியையும் அணைத்துவிட்டிருந்தார்கள். வெளியே ரோடு முழுக்க இரைச்சல். உள்ளே அதில் பாதிகூட வரவில்லை.

ஷாயிஸ்தா துணிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொம்மையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். படிக்கட்டுப் பொம்மையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போன வெள்ளி அந்தப் பொம்மைக்குக் கட்டிய துணி, தொழுகை முடிந்து வந்து பார்த்தபோது முகத்தில் இல்லை. நான்காக மடித்து அதன் முழங்கையில் போடப்பட்டிருந்தது. விழுந்த துணி மடிந்துகொண்டா விழும்? வேலைக்காரப் பெண்கள் யாரும் கீழே வரவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

இன்று துணியைச் சுற்றி, பின்னந்தலையில் இரட்டை முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். இறுகித்தான் இருந்தது.

"வாங்க, வாங்க! உங்கள் வரவு நல்வரவாகட்டும்!"

ஷாயிஸ்தா துள்ளிப் போனாள்.

வாசலில் யாராவது நுழைந்தால் பேசுகிற மின் கருவி அது. அதில் பேசுவது அவள் குரல்தான். கல்யாணமான புதிதில், "உன் குரல் கேட்டா ஜனம் வரும்" என்று இர்ஃபான் ஆசையாய்ப் பதிவு செய்து வைத்தது. தடை போடப்பட்டவர் யார், வாடிக்கையாளர் யார் என்று அதற்குத் தெரியாது. அன்று வேதசிரோமணி குனிந்து நுழைந்தபோதும் அவள் குரலேதான் அவரை வாங்க வாங்க என்றது.

வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. தரையில் கிடந்த வெயில் கோட்டில் ஒரு நிழல்கூட இல்லை.

"யாரு?"

ஆடிக் காற்று ஷட்டரை ஒருமுறை தட்டியது. காற்றில் குப்பை எதாவது பறந்திருக்கும், அதைப் பார்த்துக் கருவி பேசியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் வாசம் வந்தது. யூகலிப்டஸ் தைலம்.

மெல்லத் திரும்பினாள். பொம்மையின் மூக்கு இருக்கும் இடத்தில் துணி கொஞ்சம் உள்ளே போனது. பிறகு வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை.

காற்றுதான். ஷட்டருக்குக் கீழே வருகிற காற்றுதான். ஆனால் மற்ற பொம்மைகளின் துணி எதுவும் அசையவில்லையே. அவள் முடிச்சை அவிழ்க்கக் கையைத் தூக்கப் போனாள், முடியவில்லை. கட்டியதைக் கட்டியபடி விட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஓடினாள்.

*

தொழுகை முடிந்ததும் பெண்களை வீட்டுக்கு அனுப்பி, ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டி, ஹனீஃபா சாவியை ஜிப்பா பைக்குள் போட்டுக்கொண்டார். மூவரும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

ஷாயிஸ்தா எப்போதும் தலையை மட்டும்தான் மூடிக்கொள்வாள். இன்று முகத்திரையும் போட்டிருந்தாள். கடை வாசலில் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்றே தெரியாமல் போயிருந்தது.

வராந்தாவில் ஒரு பெண் எழுந்து வந்தாள். கசங்கிய காட்டன் புடவை, கழுத்தில் மெல்லிய சிலுவை. வேதசிரோமணியின் மகள் பிளஸ்ஸி. கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் டீச்சர்.

"உங்ககிட்ட ஒரே நிமிஷம் பேசணும்..."

பிரிட்டோ குறுக்கே வந்தார். "மேடம், சாட்சி கிட்ட பேசக் கூடாது. அப்புறம் அது வேற கேஸ் ஆயிடும்."

"நான் மெரட்ட வரல சார்." பிளஸ்ஸி ஷாயிஸ்தாவை மட்டும் பார்த்தாள். "அப்பா கிட்டப் படிச்ச பொண்ணுங்க எல்லாம் போன் பண்றாங்க. சார் அப்படிப்பட்டவரா அக்கான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்? அம்மா போனப்ப முகத்தை மூடவே விடல அவரு. மூச்சு முட்டும்னு அழுதாரு. புத்தி பேதலிச்சுதான் போச்சு, ஒத்துக்கறேன். ஆனா நீங்க சொல்ற மாதிரியும் பண்ணினாரா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

"வாம்மா" என்று ஹனீஃபா மருமகளின் தோளைத் தொட்டு நகர்த்தினார். அவருக்கும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. மாஜிஸ்திரேட் அம்மாளும், தட்டச்சு செய்கிற பெண்ணும் மட்டும். கதவைச் சாத்தினார்கள்.

"யாராவது இப்படிச் சொல்லுன்னு சொல்லிக் கொடுத்தாங்களா?"

திரைக்குள் மூச்சு சூடாக இருந்தது. இழுக்க இழுக்கத் துணி மூக்கில் வந்து ஒட்டியது.

"தண்ணி குடிங்க. இங்க ஆம்பளைங்க யாரும் இல்லம்மா. உங்களுக்கு இஷ்டம்னா அதை எடுத்துட்டுப் பேசலாம்."

அவள் பின்னந்தலையில் கையை வைத்தாள். விரல்களுக்கு முடிச்சு சட்டென்று அகப்படவில்லை. அகப்பட்டதும் அவிழ்த்தாள். முகத்தில் காற்றுப் பட்டது. அதை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடவுள் மீது ஆணையாக என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

"அவர் உங்க மேல கை வெச்சாரா?"

இர்ஃபானின் கறுத்த கண்கள் நினைவுக்கு வந்தன. அதன் பின்னாலேயே, யார் கையும் படாமல் மூச்சுப்போல உள்ளே போய் வெளியே வந்த அந்தத் துணி.

"இல்லம்மா" என்றாள் ஷாயிஸ்தா. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

வெளியே வந்தபோது இர்ஃபான் ஓடி வந்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அழுதியா? பரவால்ல, முடிஞ்சிருச்சு." அவன் முகம் தெளிந்தது. அவளுக்கு டீ வாங்கப் போனான். உள்ளே சொன்னது ரகசியம். காவல்துறை கைக்கு நகல் போகும்வரை அவனுக்குத் தெரியப்போவதில்லை. அதுவரை இந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கையில் அவளுக்கு அழுகை இன்னும் பெருகியது.

*

கடைக்குத் திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. ஹனீஃபா பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே பொம்மைகள் வெள்ளைத் துணியோடு வரிசையாக நின்றன. படிக்கட்டுக்குக் கீழே ஒன்றுக்கு மட்டும் முகம் திறந்திருந்தது. முழங்கையில் துணி, நான்காக மடித்து.

ஹனீஃபா ஜிப்பா பையைத் தொட்டுப் பார்த்தார். சற்றுமுன் அவர் திறந்த சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "இதுக்குக் கட்டலையாம்மா நீ?"

"கட்டினேன் மாமா. ரெட்டை முடிச்சு."

அவர் பிஸ்மில்லாஹ் என்று முணுமுணுத்தபடி ஓரடி பின்னால் வைத்தார்.

"இங்க யாரு வந்திருப்பா? பூட்டிட்டுத்தானே போனோம்?" இர்ஃபான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் அடித்தது. தெரியாத எண். பிரிட்டோ சொன்னது நினைவு வந்து, ஸ்பீக்கரில் போட்டு, பதிவையும் அழுத்தினான்.

"ஹலோ, நான் பிளஸ்ஸி பேசறேன். உங்க கடைப் பையில இந்த நம்பர் போட்டிருந்துச்சு. அப்பா கண்ணைத் திறந்துட்டாரு."

இர்ஃபான் சுவரில் சாய்ந்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார் ஹனீஃபா. அதில் பொய்யில்லை.

"எப்போ?" என்று கேட்டது ஷாயிஸ்தா.

"நீங்க உள்ள போன கொஞ்ச நேரத்துல ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டாங்க. ஓடி வந்தேன். என்னமோ சொல்றாருங்க. இத்தனை நாளா முகத்துல துணியை இறுக்கிக் கட்டி வெச்சிருந்தாங்களாம். மூச்சு விட முடியலையாம். இன்னிக்கு யாரோ பின்னாலேர்ந்து முடிச்சை அவுத்து விட்டாங்களாம். இங்க அவர் முகத்துல யாரும் துணி கட்டலீங்க. நர்ஸைக் கூடக் கேட்டேன்."

பிளஸ்ஸி தயங்கித் தொடர்ந்தாள்.

"இன்னொண்ணு. அதுக்குதான் போன் பண்ணேன். அந்தப் பொண்ணு சொல்லிடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. என்னப்பா சொல்லணும்னா பதில் இல்ல. திரும்பத் திரும்ப அதேதான். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?"

இர்ஃபான் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். "என்ன சொல்லணும்? என்ன கேக்கறாரு அவரு?"

காவல்துறைக்கு நகல் போகும்வரை காத்திருக்கலாம். இன்னும் ஓர் இரவு, இன்னும் ஒரு நாள். ஷாயிஸ்தா போனுக்கு அருகில் வந்தாள்.

"சொல்லிட்டேன்னு சொல்லுங்க பிளஸ்ஸி. உங்கப்பா என்னைத் தொடல. அன்னிக்குத் துப்பட்டா என் மேல இல்ல. நான்தான் கழட்டி இந்தப் பொம்மை முகத்துல கட்டினேன். அவர் அதைத்தான் அவுத்தாரு. கோர்ட்டுலயும் அப்படியேதான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

மறுமுனையில் பிளஸ்ஸி அழ ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. ஹனீஃபா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இர்ஃபான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தள்ளிய அந்த வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மிகச் சின்னக் குரலில், அவளைப் பார்க்காமல் பொம்மையைப் பார்த்துக் கேட்டான்.

"அப்போ நான் எதுக்குத் தள்ளினேன், ஷாயிஸ்தா?"

அவன் இடது கையிலிருந்த போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.